வாகனப் பரிசோதனை நிலையம் தொடங்க விரும்புவோர் கவனத்திற்கு

வெளிநாட்டில் பத்து வருடங்கள் உழைத்துவிட்டுக் கையில் ஓரளவு பணத்தோடு ஊர் திரும்பும் எமது இளைஞர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. தொலைபேசிக் கடை போடலாமா, ஹார்ட்வெயார் போடலாமா, வேன் ஒன்றை வாங்கி ஹயருக்கு விடலாமா என்பார்கள். அண்மைக்காலமாக இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. லொறிகளுக்கும் பஸ்களுக்கும் 'ஃபிட்னஸ்' கொடுக்கும் கராஜ் ஒன்றைப் புத்தளம் பக்கம் ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்பதே அது. கட்டாரில் கனரக வாகன வேலைத்தளமொன்றில் இருந்து வந்த ஒரு தம்பி இதே கேள்வியை என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னவற்றையும், நேரம் போதாமல் சொல்லாமல் விட்டவற்றையும் இவ்வாரம் எழுதுகிறேன்.

தொழிலுக்கான தேவை இருக்கிறதா என்றால், இருக்கிறது. பேலியகொடையிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வரும் ஏ 3 வீதி புத்தளத்தில் முடிகிறது. அங்கிருந்து அநுராதபுரம் வழியாகத் திருகோணமலைக்கு ஏ 12 வீதி செல்கிறது. உப்பளங்களிலிருந்து உப்பு, கற்பிட்டியிலிருந்து மீனும் கருவாடும் மரக்கறியும், சீமெந்துத் தொழிற்சாலையிலிருந்து சீமெந்து, தென்னந்தோட்டங்களிலிருந்து தேங்காய் என எல்லாம் லொறியில்தான் போகின்றன. போதாததற்கு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் முழுமையாகத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் கழித்துவிட வேண்டிய வாகனங்களையும் தட்டிக்கொட்டி ஓட்டியவர்கள் எத்தனை பேர் என்பது எமது பகுதியில் எல்லோருக்கும் தெரியும். பழைய வாகனம் கூடக் கூடப் பரிசோதனையின் அவசியமும் கூடுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது கேட்கப்படும் பரிசோதனைகள் இரண்டு வகை. ஒன்று புகைப் பரிசோதனை. மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி முதல் பெரிய லொறி வரை அனைத்துக்கும் பொதுவானது. மற்றையது தகுதிச் சான்றிதழ். இது பஸ், லொறி போன்ற வாகனங்களுக்கு உரியது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருகிறது. இந்த இரண்டிலும் தனிநபர் ஒருவர் நுழையக்கூடிய வாசல் வேறு வேறு.

புகைப் பரிசோதனைத் திட்டம் 2008 இல் மேல் மாகாணத்தில் ஆரம்பமாகி ஏனைய மாகாணங்களுக்கு விரிந்தது. ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டமை, 2003 இல் வாகனப் புகைக்கான தரங்கள் வர்த்தமானியில் வந்தமை, இரட்டை வீச்சு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008 இல் தடைசெய்யப்பட்டமை ஆகியவற்றின் தொடர்ச்சியே இது. இதனை நடத்தும் பொறுப்பு லாஃப்ஸ் எகோ ஸ்ரீ, கிளீன்கோ லங்கா ஆகிய இரு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எனவே நீங்கள் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்துப் புகைச் சான்றிதழ் கொடுக்க முடியாது. காணி இருந்தால் அந்த நிறுவனங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கக் கேட்டுப் பார்க்கலாம், பயிற்சி பெற்று வேலைக்குச் சேரலாம், அவ்வளவுதான். தகுதிச் சான்றிதழ் அப்படியல்ல. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு பெற்ற கராஜ்கள் வாகனத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கும் முறை உள்ளது. எமது தம்பிமார் கண் வைப்பது இதில்தான்.

ஆனாலும் புகைப் பரிசோதனையின் ஏற்பாட்டை ஒருமுறை கவனித்துப் பார்ப்பது நல்லது. பெற்றோல் வாகனமென்றால் குழாயினுள் ஒரு நுனியைச் செலுத்தி வெளிவரும் வாயுவில் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் எவ்வளவு என அளக்கிறார்கள். டீசல் வாகனத்தில் என்ஜினை நன்கு சூடாக்கி, கியர் இல்லாமல் அக்சிலேட்டரை முழுமையாக மிதித்து, கிளம்பும் புகையினூடாக ஒளியைப் பாய்ச்சி எவ்வளவு ஒளி மறைகிறது எனப் பார்க்கிறார்கள். முடிவு கணினியில் பதிவாகித் திணைக்களத்தின் தரவுக்குப் போகிறது. பரிசோதிப்பவர் பெறுபேற்றைக் கையால் எழுதுவதில்லை. அதே இடத்தில் என்ஜின் திருத்திக் கொடுப்பதுமில்லை. ஃபெயில் ஆன வாகனத்தை எங்கு கொண்டுபோய்ச் செய்வது என்பது சொந்தக்காரரின் விருப்பம். இந்த இரண்டு விடயங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனிக் கராஜுக்கு வருவோம். அனுமதிகள் என்றதும் எல்லோரும் திணைக்களப் பதிவை மட்டுமே நினைக்கிறார்கள். அதற்கு முன்னர் காணி பற்றிய கேள்வி இருக்கிறது. கடற்கரையோரத்தில் உயர்நீர் மட்டத்திலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்குள் கட்டடம் எழுப்ப அந்தத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். களப்பை அண்டிய காணிகளுக்கும் இச்சட்டத்தில் ஏற்பாடுகள் உள்ளன. கற்பிட்டிக் குடாநாடு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாகக் கிடக்கும் நிலம். வீதியோரத்தில் நல்ல காணி என்று முற்பணம் கொடுத்த பின்னர் இதனைக் கண்டுபிடித்தவர்களை நான் அறிவேன்.

அடுத்தது சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம். இங்குதான் எமது மாகாணத்துக்கே உரிய ஒரு விசேடம் இருக்கிறது. ஏனைய மாகாணங்களில் மத்திய சுற்றாடல் அதிகார சபையைத் தேடிப் போவார்கள். வடமேல் மாகாணத்திலோ 1990 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க நியதிச்சட்டத்தின் கீழ் அமைந்த மாகாண சுற்றாடல் அதிகார சபை உண்டு. புத்தளம், குருநாகல் மாவட்டங்களில் நீங்கள் போக வேண்டியது அங்குதான். கொழும்பில் கராஜ் வைத்திருக்கும் மச்சான் சொன்ன படிவத்தை நிரப்பிக்கொண்டு அலைய வேண்டாம்.

அவர்கள் முதலில் கேட்பது கழிவு ஒயிலைப் பற்றியே. எமது நிலம் மணல் நிலம். ஊற்றிய எதுவும் நேரே கிணற்று நீருக்குப் போகும். கற்பிட்டியில் விவசாயமும் குடிநீரும் அந்த நிலத்தடி நீரை நம்பியே இருக்கின்றன. எனவே கொங்கிறீட் தளம், ஒயில் பிரிக்கும் தொட்டி, பழைய ஒயிலைச் சேர்த்து வைக்க மூடிய பரல், அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுத்ததற்கான துண்டு ஆகியன வேண்டும். கழிவு ஒயில் போன்றவற்றைச் சீமெந்துச் சூளையில் எரித்து அழிக்கும் வசதி எமது புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலையிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாத விடயம். இவற்றோடு உள்ளூராட்சி சபையின் வர்த்தக அனுமதிப்பத்திரமும் வியாபாரப் பெயர்ப் பதிவும் சேரும். வேலையாட்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், அவர்களிடமிருந்து 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம் என மாதாமாதம் கட்ட வேண்டும். "எல்லாரும் நம்மட பொடியன்கள் தானே" என்று இதனை விட்டுவிடுவது எமது வர்த்தகர்களிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. அது அவர்களின் ஹக்கு.

உபகரணங்களில் கஞ்சத்தனம் பார்க்க முடியாது. சில்லுகளை உருளையின் மேல் ஏற்றி ஒவ்வொரு சில்லின் பிரேக் விசையையும் தனித்தனியே அளக்கும் இயந்திரமே பரிசோதனையின் இதயம். வீதியில் ஓட்டிப் பார்த்துப் பிரேக் பிடிக்கிறது என்று சொல்வதற்கும், வலது சில்லை விட இடது சில்லு எவ்வளவு குறைவாகப் பிடிக்கிறது என்று எண்ணில் காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம். சரக்கு ஏற்றிய லொறியில் இந்த வித்தியாசம்தான் வண்டியை ஒரு பக்கம் இழுத்துக் குடைசாய்க்கிறது. வாகனத்தின் அடிப்பகுதியைப் பார்ப்பதற்குக் குழி வெட்டுவது மலிவு. ஆனால் கரையோரத்தில் இரண்டு முழம் தோண்டினாலே நீர் வரும் இடங்கள் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் குழி கிணறாகிவிடும். அப்படியான இடத்தில் லிஃப்ட் அல்லது உயர்த்திய மேடைதான் வழி. அளவுக் கருவிகள் எல்லாவற்றையும் குறித்த காலத்துக்கொரு முறை தரப்படுத்திச் சான்று வாங்கி வைக்க வேண்டும். உப்புக் காற்றில் எலெக்ட்ரோனிக் கருவிகள் எவ்வளவு வேகமாகக் கெடும் என்பதை எமது வீட்டுத் தொலைக்காட்சிகளே சொல்லும்.

கருவியைக் கவனிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2020 ஜனவரியில் வட அயர்லாந்தின் அரச பரிசோதனை நிலையங்களில் வாகனம் தூக்கும் லிஃப்ட்களில் பெரும்பாலானவற்றில் வெடிப்புகள் கண்டுபிடிக்கப்பட்டன. மாகாணம் முழுவதும் கார்ப் பரிசோதனை நிறுத்தப்பட்டது. வாகனங்களைப் பரிசோதித்தவர்கள் தாம் நின்ற மேடையைப் பார்க்கவில்லை.

எமது பகுதி லொறிகளில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தனிப் பாடம். மீன் லொறியின் பெட்டியிலிருந்து ஐஸ் நீரும் உப்பும் இரவு முழுவதும் செஸியில் சொட்டுகின்றன. உப்பு ஏற்றும் வண்டியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. வெளியே புதிதாகப் பெயின்ற் அடித்து மாஷா அல்லாஹ் ஸ்ரிக்கரும் ஒட்டியிருப்பார்கள். அடியில் பிரேக் குழாய் வெங்காயச் சருகு போல உரியும். பெயின்றுக்கு மேலால் பார்ப்பவர் இதனைக் காணமாட்டார். சுரண்டிப் பார்ப்பவர்தான் காண்பார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கும் இது பொருந்தும். சில்லுப் பெயாரிங்கினுள் புகுந்த நீர் உடனே தெரியாது, மாதங்கள் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

இதுவரை சொன்னவை பணத்தாலும் அலைச்சலாலும் தீர்க்கக்கூடியவை. நான் அந்தத் தம்பியிடம் அதிக நேரம் பேசியது வேறொரு விடயத்தை. நீங்கள் ஃபெயில் ஆக்கப் போவது யாருடைய வாகனத்தை? கொழும்பில் என்றால் முகம் தெரியாத ஒருவருடையதாக இருக்கும். இங்கு வருபவர் உங்கள் சாச்சா, உங்கள் மனைவியின் மாமா, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், உங்கள் வாப்பாவுக்கு ஒரு காலத்தில் கடன் கொடுத்தவர். "தம்பி, என்ட வண்டி தானே, ஒரு கையெழுத்துத் தானே, அடுத்த மாசம் ரயர் மாத்துறன்" என்பார். இல்லையென்றால் கல்யாண வீட்டில் முகம் கொடுக்கமாட்டார். வாகனத்தைக் கொண்டுவராமலேயே புத்தகத்தை மட்டும் பையனிடம் கொடுத்தனுப்புபவர்களும் உண்டு.

இந்தத் தொழிலில் தோற்றுப்போகிறவர்கள் பெரும்பாலும் இலஞ்சத்தில் விழுவதில்லை, உறவில்தான் விழுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆகவே தான் சட்டதிட்டங்களைச் சுமையாகப் பார்க்க வேண்டாம் என்கிறேன். சிறிய ஊரில் பரிசோதனை நிலையம் நடத்துபவருக்கு அவை கேடயம். பிரேக் விசை கணினியில் பதிவாகி அச்சாகி வந்தால், "நான் என்ன செய்ய மாமா, மெஷின் சொல்லுது" என்று மரியாதையாகச் சொல்லலாம். வண்டி மேடையில் நிற்கும்போது இலக்கத் தகட்டோடு நேரம் பதிந்த படம் எடுக்க வேண்டும் என்ற ஒழுங்கை நீங்களாகவே வைத்துக்கொண்டால், புத்தகத்தை மட்டும் அனுப்புபவருக்குச் சொல்லப் பதில் இருக்கும். திணைக்களம் கேட்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஏனைய நாடுகள் இதே பிரச்சினையை இரண்டு விதமாகக் கையாள்கின்றன. இந்தியா 2021 செப்டெம்பரில் தானியங்கிப் பரிசோதனை நிலையங்களுக்கான விதிகளை அறிவித்தது. அதன்படி நிலையம் நடத்துபவர் வாகனம் திருத்துதல், வாகன உற்பத்தி, வாகன அல்லது உதிரிப்பாக விற்பனை எதிலும் ஈடுபடக்கூடாது. பரிசோதிப்பது மட்டுமே வேலை. நிகர சொத்து மதிப்பு குறைந்தது 3 கோடி இந்திய ரூபா இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. எமது தம்பிமாருக்கு எட்டாத தொகை.

பிரித்தானியாவோ வேறு வழி. 1960 முதல் அங்கு தனியார் கராஜ்களே கார்களைப் பரிசோதிக்கின்றன, அவையே திருத்தியும் கொடுக்கின்றன. எமது தகுதிச் சான்றிதழ் முறைக்கு இதுதான் நெருக்கமானது. திருத்துபவரே பரிசோதித்தால் இல்லாத பழுதைச் சொல்லிப் பணம் பறிக்கலாம், இருக்கும் பழுதை மறைத்து வாடிக்கையாளரைப் பிடித்து வைக்கலாம். இதற்கு மாற்றாக அங்கு கடுமையான கண்காணிப்பு உண்டு. நிலையத்துக்கு அனுமதி வேறு, பரிசோதகருக்கு அனுமதி வேறு. பரிசோதகர் ஒவ்வொரு வருடமும் பயிற்சி பெற்றுப் பரீட்சை எழுத வேண்டும். பெறுபேறு மத்திய கணினிக்குப் போகிறது. எந்தப் பரிசோதகர் வழமைக்கு மாறாக எல்லோரையும் பாஸ் ஆக்குகிறார் என்பதை அங்கிருந்தே பார்க்கலாம். அப்படியிருந்தும் நிலையத்துக்கு வராத காருக்குச் சான்றிதழ் கொடுக்கும் மோசடி ஒழியவில்லை. பிடிபட்டவர்களில் சிலர் சிறைக்கும் போயிருக்கிறார்கள்.

எமது சூழலில் இந்தியாவின் பிரிவினை கடினம், பிரித்தானியாவின் கணினியும் உடனே வராது. ஆனால் அதன் சாரத்தைக் கராஜுக்குள் கொண்டுவரலாம். பரிசோதிப்பவர் ஒருவர், திருத்துபவர் வேறொருவர். பரிசோதிப்பவருக்கு மாதச் சம்பளம் மட்டுமே, எத்தனை வண்டி பாஸ் ஆனது என்ற கணக்கில் கொமிஷன் கிடையாது. ஃபெயில் ஆனால் குறைகளை எழுத்தில் கொடுத்து, எங்கு வேண்டுமானாலும் செய்துகொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட வேண்டும். கட்டணத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். மறுபரிசோதனைக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், வாக்குவாதத்தில் பாதி அதனாலேயே குறையும்.

இஸ்லாமியப் பாரம்பரியத்துக்கு இவையெல்லாம் புதியவையல்ல. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர்களில் ஒருவரான இமாம் மாவர்தி (மறைவு ஹி. 450, கி.பி. 1058) தமது அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளை எழுதும்போது, கப்பலில் அளவுக்கு மிஞ்சிச் சரக்கு ஏற்றுவதையும் கடுங்காற்றில் கப்பல் விடுவதையும் தடுப்பதைச் சேர்த்திருக்கிறார். கால்நடைகளைச் சக்திக்கு மீறி வேலை வாங்குவதையும் தடுக்கச் சொல்கிறார். அளவை நிறுவையில் குறைப்போரைக் கண்டிக்க ஓர் அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது. பிரேக் விசையை அளப்பதும் ஓர் அளவைதான். பார்க்காத வாகனத்தைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்திடுவது பொய்ச்சாட்சி. அதற்கு வாங்கிய கட்டணம் ஹலாலா என்று உலமாக்களிடம் கேட்கப் போவதற்கு முன்னர் தன் மனதிடமே கேட்டுக்கொள்ளலாம்.

2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா சென்ற பஸ் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே பஸ்களின் தகுதி பற்றி நாடு முழுவதும் பேசப்பட்டது. எமது பக்கம் மலையில்லை, பள்ளமில்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது. ஸியாரத்துக்கும் சுற்றுலாவுக்கும் மலைநாடு போகும் எமது வேன்களும் பஸ்களும் பிரேக்கைப் பரிசோதித்துக்கொண்டா போகின்றன?

வருமானம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு லொறிக்கு வருடத்துக்கு ஒரு சான்றிதழ்தான். மாதாமாதம் வந்து போகும் வாடிக்கையாளர் இல்லை. ஆகையால் முதலீட்டைக் குறுகிய காலத்தில் எடுத்துவிடலாம் என்று எவராவது கணக்குப் போட்டுக் காட்டினால் அந்தக் கணக்கில் பார்க்காத வாகனங்களும் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். தவணைக் கடன் அழுத்தத்தோடு தொடங்குபவருக்கு ஃபெயில் எழுதக் கை வராது. எனவே இயந்திரத்தை வட்டிக் கடனில் வாங்குவதைத் தவிர்த்து, இரண்டு மூன்று பேர் கூட்டாக முஷாரகா அடிப்படையில் சேர்வது, அல்லது 2011 இல் வங்கியாகச் செயற்படத் தொடங்கிய அமானா வங்கி போன்றவற்றிடம் இஜாரா முறையில் கேட்டுப் பார்ப்பது நல்லது. பங்காளிகளில் ஒருவராவது கராஜை விட்டு வெளியே இருப்பவராக, கணக்கையும் சான்றிதழ் அடிக்கட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியவராக இருக்கட்டும்.

தொடங்குவதென்று முடிவெடுத்தவர்கள் காணிக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் காணியின் வரைபடத்தோடு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் மாகாண சுற்றாடல் அதிகார சபைக்கும் போய் எழுத்தில் பதில் வாங்குங்கள். அதன் பின்னர் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கராஜ் பதிவுக்கான அப்போதைய நிபந்தனைகளைக் கேட்டு எடுத்து, அதற்கேற்பவே கட்டடத்தின் பிளானைக் கீறுங்கள். இயந்திரத்துக்கு ஓடர் கொடுப்பது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான்.